மாஜி என்றால் தண்ணீர்

1

என் பெரியப்பா மகன் இரண்டு வருஷம் தான்சானியாவில் போர் வண்டியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். திருச்செங்கோட்டுப் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. நம்மூர் ரிக் வண்டி போகாத மாநிலம் இல்லை. இப்போது கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகிறது. சிங்கப்பூர் போனவன் சென்ட் பாட்டில் கொண்டுவந்த காலம் மாதிரி, இப்போது போர் வண்டிக்குப் போனவர்கள் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்கத்தான் அண்ணன் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. ஓரமெல்லாம் கிரீஸ். உள்ளே தமிழ் எழுத்தில் சுவாஹிலி வார்த்தைகள். மாஜி: தண்ணி. மாவே: கல்லு. கேஷோ: நாளைக்கு. சீனி: சர்க்கரை இல்ல, கீழ. போலே: ஒருக்கா சொன்னா மன்னிச்சுக்கோ, ரெண்டுக்கா சொன்னா மெதுவா.

"ஆரு சொல்லித் தந்தாங்கண்ணா?"

"ஆரு சொல்லித் தர்றா? ராடு மாத்தறப்ப பக்கத்துல நிக்கிறவங்கிட்டக் கேட்டு எழுதிக்கிட்டதுதான். பாஷை தெரியலீன்னா கை போயிரும்டா."

பத்தாம் வகுப்போடு நின்றவர். அவர் படித்த பள்ளியிலும் நான் படித்த கல்லூரியிலும் ஆப்பிரிக்கா என்பது வரைபடத்தில் ஒரு நிறம், அவ்வளவுதான். அந்த நோட்டில் எண்ணிப் பார்த்தால் நூற்றுச் சொச்சம் வார்த்தைதான் இருக்கும். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளி இன்னொரு நாட்டைப் படித்ததற்கு என் கையில் கிடைத்த முதல் ஆவணம் அதுதான். அன்று ராத்திரி அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஹார்வர்டு தமிழ் இருக்கை ஞாபகம் வந்தது. சம்பந்தம் என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்.

2

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஒரு நிரந்தர இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் இருக்கும் தமிழ் மருத்துவர்கள் இருவர் முதலில் பணம் போட்டுத் தொடங்கிவைத்தார்கள். பிறகு உலகெங்கும் வசூல் நடந்தது. தமிழ்நாடு அரசு 2017இல் 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018இல் இலக்கு எட்டியது. என் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில்கூட அன்று பட்டாசு எமோஜி வெடித்தது. பிறகு டொரண்டோ வந்தது. ஜெர்மனியின் கெல்ன் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை மூடும் நிலைக்குப் போனபோது அதற்கும் இங்கிருந்து பணம் போனது.

இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஒரு மொழியை ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஆழமாகப் படிக்க வழி செய்வது நல்ல காரியம். என் உறுத்தல் வேறு. நம்மை இன்னொருவர் படிப்பதற்கு நாம் கோடிக்கணக்கில் கொடுக்கிறோம், அதைப் பெருமை என்கிறோம். நாம் இன்னொருவரைப் படிப்பதற்கு ஒரு ஸ்டூல் கூட வாங்கிப் போடவில்லை. அதை ஒரு குறையாக உணர்வதுகூட இல்லை.

படிக்கப்படுவது நமக்குப் பழகிப்போன விஷயம், அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமஹால் கும்பெனிக்குக் கைமாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இந்த நிலத்துக்கு வந்தார்கள். எந்தக் காட்டில் என்ன மண், எந்த ஊரில் எந்தச் சாதி, எந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதிக் குவித்தார்கள். ரயத்துவாரி வரிமுறைக்கான பாதை இங்கேதான் போடப்பட்டது. 1883இல் லெ ஃபானு சேலம் மாவட்டக் கையேட்டை எழுதினார். அவை எல்லாமே ஒருவகையில் 'வேற்றுநாட்டு ஆய்வு'தான். படித்தது வரி வாங்க. ஆனால் இன்றைக்கு என் ஊரின் பழைய கதையைத் தேட நானும் அந்தக் காகிதங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. நோக்கம் ஒன்றாகவும் பலன் வேறாகவும் இருப்பது இந்தத் துறையின் பிறவிக்குணம்.

3

அமெரிக்காவில் இந்தத் துறை வளர்ந்த கதையும் அப்படித்தான். 1948இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நார்மன் பிரவுன் என்ற சம்ஸ்கிருத அறிஞர் தெற்காசியாவுக்கென்று தனித்துறை தொடங்கினார். அப்போது அது ஒரு சிலரின் ஆர்வம், அவ்வளவுதான். 1957 அக்டோபரில் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கா பதறிப்போய் 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது, பாருங்கள். விஞ்ஞானத்தோடு சேர்த்து, அதன் ஆறாவது பிரிவு வேற்றுமொழிக்கும் வேற்று நிலத்துக்கும் பணம் ஒதுக்கியது. முதல் வரிசையில் ஆறு மொழிகள்: அரபு, சீனம், இந்தி-உருது, ஜப்பானியம், போர்ச்சுக்கீசியம், ரஷ்யன். தமிழ் பின்வரிசை. ஆனாலும் பந்தியில் இடம் கிடைத்தது.

அடுத்தது கோதுமை. பி.எல். 480 என்ற பெயரை நம் தாத்தா தலைமுறை ரேஷன் கடையோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கும். 1954ஆம் வருஷச் சட்டம். அமெரிக்கா தன் உபரிக் கோதுமையை இந்தியாவுக்கு ரூபாய்க்கு விற்றது. அந்த ரூபாயை டாலராக மாற்றி எடுத்துக்கொண்டு போக முடியாது, இங்கேயே செலவழிக்க வேண்டும். அதில் ஒரு பங்கை வைத்து 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழிகளில் வெளியான புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் மூட்டை மூட்டையாகப் போயின. நாம் தின்ற கோதுமைக்கான காசு தமிழ்ப் புத்தகமாகி சிகாகோவுக்கும் பெர்க்கிலிக்கும் போய்ச் சேர்ந்தது. இங்கே சேலத்தில் எந்த நூலகத்திலும் கிடைக்காத அறுபதுகளின் சிற்றிதழை அங்கே அட்டை கிழியாமல் பார்த்ததாக ஆராய்ச்சி மாணவர்கள் சொல்லும்போது வயிறு எரியும். கூடவே, யாரோ ஒருவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தாரே என்று நிம்மதியாகவும் இருக்கும்.

ஆக, பனிப்போர் பணம், கோதுமைப் பணம். இந்த இரண்டிலும் விளைந்தது என்ன? இங்கேதான் விமர்சகனுக்கு வேலை.

4

1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலக அடித்தளத்தில் ஏ.கே. ராமானுஜன் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்தது உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு. மைசூரில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். ஆனால் சங்கக் கவிதை அவருக்கு அறிமுகமானது அங்கேதான். 1967இல் அவரது குறுந்தொகை மொழிபெயர்ப்பு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வெளியானது. நம்மில் பலர் சங்க இலக்கியத்தைத் தேர்வுப் பாடமாக மட்டும் படித்துச் சலித்துப்போய், பிறகு அந்த ஆங்கிலப் புத்தகம் வழியாகத் திரும்பி வந்தவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான், இதை ஒத்துக்கொள்ள வெட்கமில்லை.

பெர்க்கிலியில் ஜார்ஜ் ஹார்ட் இருந்தார். அவரும் ஹாங்க் ஹைஃபெட்ஸும் சேர்ந்து புறநானூறு முழுவதையும் மொழிபெயர்த்து 1999இல் வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் ஹார்ட் எழுதிய ஒரு கடிதம், தமிழ் ஏன் செம்மொழி என்று வாதிட்டது. 2004இல் ஒன்றிய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தபோது அந்தக் கடிதம் இங்கே ஒரு சாசனம் மாதிரி கொண்டாடப்பட்டது. அமெரிக்கா தன் பாதுகாப்புக்காக ஆரம்பித்த படிப்பு, கடைசியில் தமிழ் அரசியலின் ஒரு கோரிக்கைக்குக் கைகொடுத்தது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் புறநானூற்றில் நம்ம கொல்லிமலை இருக்கிறது. வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய பாடல்கள் 152, 153. ஆடி மாதம் கொல்லிமலையில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்கு நான் சின்ன வயதில் போயிருக்கிறேன். சிலைக்கு மாலை, மேடையில் பேச்சு, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. ஓரி ஒரு ஆளாக, வேட்டையில் எதிர்ப்பட்டவர்களுக்குப் பெயர் சொல்லாமல் வாரிக் கொடுக்கிற கூச்சக்காரனாக எனக்குத் தெரிய வந்தது பல வருஷம் கழித்து, ஆங்கிலத்தில் படித்தபோதுதான். தூரத்தில் இருந்து படிக்கிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. அவருக்கு அது விழா இல்லை, கவிதை.

ஆனால் தூரத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதற்குச் சரியான உதாரணம் பிரெண்டா பெக் எழுதிய 'பெசன்ட் சொசைட்டி இன் கொங்கு' (1972). இது அமெரிக்கச் சட்டத்தின் குழந்தை இல்லை. கனடாக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்தவர். அறுபதுகளின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். தமிழ் கற்றுக்கொண்டார். வலங்கை, இடங்கைச் சாதிகள் கோயிலிலும் சீர்வரிசையிலும் உறவுமுறையிலும் எப்படி வேறுபடுகின்றன என்று நாடு, கிராமம், ஊர், குடும்பம் என்று படிப்படியாக இறங்கி வந்து எழுதினார். பிறகு அண்ணன்மார் கதையைப் பாட்டுக்காரர்களிடம் ஒலிப்பதிவு செய்தார். பொன்னர், சங்கர் என்று நாம் சினிமாவாகப் பார்த்த கதையை அவர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கேட்டு, 1992இல் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் வருமாறு சென்னை ஆசியவியல் நிறுவனம் வழியாக வெளியிட்டார். அந்த உழைப்புக்கு முன்னால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

முதல் புத்தகத்தில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், யார் எங்கே விலகி நிற்பார்கள் என்று வருகிற பகுதியை ஒருநாள் என் அம்மாயிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "ஆமா, அப்படித்தான்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தது. கடைசியில் கேட்டது: "இத்தனையும் கரெக்டாத்தான் எழுதியிருக்குது. அந்தப் புள்ள இதையெல்லாம் எதுக்கு எழுதிட்டுப் போச்சு?"

எதுக்கு? அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் படித்த எந்த மதிப்புரையிலும் இதைவிட நல்ல கேள்வி இல்லை. அட்டவணை உண்மையைச் சொல்கிறது. ஆனால் அட்டவணைக்குள் இருக்கிறவர் அதைப் படிப்பார் என்று எழுதுகிறவர் எதிர்பார்க்கவில்லை. விலகி நிற்கச் சொல்லப்பட்டவருக்கு அந்த இடைவெளி எப்படி வலித்தது என்பதற்கு அதில் கட்டம் இல்லை. பெக் ஆய்வு செய்த அதே காலத்தில், 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பொள்ளாச்சியிலும் குமாரபாளையத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு வருஷத்தில் ஆட்சியே மாறியது. எந்த ஊரில் யார் எங்கே உட்காரலாம் என்ற கேள்வியும் அதோடு ஆட்டம் கண்டது. அசையாத சித்திரம் வரைகிற முறைக்கு அசைவு ஒரு தொந்தரவு. இது பெக் என்ற தனி ஆளின் குறை இல்லை, அன்றைய மானுடவியலின் பழக்கம். வேற்றுநாட்டுப் படிப்பு நிலத்தை ஒரு 'பகுதி'யாக வெட்டி எடுத்ததும் அது அசையாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறது.

5

இந்தப் பழக்கம் இலக்கியத்துக்குள் வரும்போது இன்னும் ஆபத்தானது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகம் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மறுபடி எழுத வந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் நான் கேட்ட ஒரே வாதம் இதுதான்: "எங்க ஊரப் பத்தித் தப்பாத் தகவல் எழுதிட்டாரு." தகவல். காளியும் பொன்னாவும் யாருக்கும் மனிதர்களாகத் தெரியவில்லை. குழந்தை இல்லாத ஒரு தம்பதியைச் சுற்றி ஊரே எப்படிக் கழுத்தை நெரிக்கிறது என்பது தெரியவில்லை. திருவிழா பற்றிய வரி மட்டும் தெரிந்தது. அது சரியா தவறா என்பதே விவாதம்.

பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிநாட்டுப் பரிசுப் பட்டியல்களுக்குப் போனது. பாராட்டி எழுதப்பட்ட சில மதிப்புரைகளைப் படித்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கேயும் 'தகவல்'. தென்னிந்தியக் கிராமம் இப்படி இருக்கும், சாதி இப்படி வேலை செய்யும், மலட்டுத்தன்மை குறித்த நம்பிக்கை இப்படி. எரித்தவர்கள் தகவல் தப்பு என்றார்கள். பாராட்டியவர்கள் தகவல் சரி என்றார்கள். நாவலை நாவலாகப் படிக்க மறுத்ததில் இரண்டு பேரும் ஒரே கட்சி. இரண்டு பக்கத்துக்கும் அபாயத்தில் வித்தியாசம் உண்டு, ஒருவர் கையில் தீப்பெட்டி இருந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் படிப்பின் பிழை ஒன்றுதான்.

அதனால்தான் 'இன்னொரு நாட்டைப் படிப்பது' எனக்கு வெளியுறவுத் துறை சமாச்சாரமாக மட்டும் தெரியவில்லை. அது முதலில் ஒரு வாசிப்புப் பிரச்சினை. ராமானுஜனுக்குக் குறுந்தொகை ஒரு சான்று இல்லை, கவிதை. அதனால்தான் அவர் வேலை இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தத் துறையில் காலத்தைத் தாண்டி நிற்பவை எல்லாம், மொழிக்குள் போய் வேண்டியதற்கு மேல் தங்கிவிட்டவர்கள் செய்தவை.

6

சரி, நாடுகளுக்கு நடுவே உறவு மேம்பட்டதா? அதற்காகத்தானே பணம் கொடுத்தார்கள்?

1971ஐ எடுத்துக்கொள்வோம். சட்டம் வந்து 13 வருஷம். வங்க மொழி தெரிந்த அறிஞர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். டாக்காவில் இருந்த தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், கண்ணெதிரே நடந்த படுகொலையைப் பற்றி ஏப்ரலில் தன் அரசுக்கே கண்டனத் தந்தி அனுப்பினார். அவருடைய சக ஊழியர்கள் அதில் கையெழுத்துப் போட்டார்கள். நடந்தது என்ன? அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் 'எண்டர்பிரைஸ்' போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. அறிவு இல்லாமல் இல்லை, அதைக் கேட்கிற காது இல்லை.

இதைச் சொல்லி அமெரிக்காக்காரன் அப்படித்தான் என்று நாம் கை தட்டிவிட்டுப் போக முடியாது. 1987 அக்டோபர் 11 ராத்திரி, இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கியது. புலிகளின் தலைமையைப் பிடிப்பது திட்டம். அங்கே இறங்கிய சீக்கியக் காலாட்படைப் பிரிவின் 30 பேரில் ஒருவர் மட்டுமே மிஞ்சினார். அடுத்த நாட்களில் யாழ்ப்பாணத்து மக்கள் பட்டது நம் எல்லோருக்கும் தெரியும். இந்தியா ஒரு வேற்றுநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த விதம் அது.

அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் நான்கு பேர், ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன், ரஜனி திராணகம, தங்கள் ஊரில் நடந்ததை எந்தப் பக்கத்தையும் விடாமல் 'முறிந்த பனை' என்று எழுதினார்கள். ரஜனி 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கையைப் பற்றித் தமிழ்நாட்டில் மேடையில் பேசியவர்களின் பட்டியலை நான் ஒரே மூச்சில் சொல்வேன். அவர்களில் 'முறிந்த பனை'யைப் படித்தவர்கள் எத்தனை பேர், சிங்களத்தில் ஒரு நாவல் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் ஆளாக என் பெயரை அடித்துவிடுகிறேன். நான் உணர்ச்சியில் கத்தியிருக்கிறேன், படித்ததில்லை.

அறிவு இருந்தால் உறவு சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அறிவே இல்லாத இடத்தில் கத்தல்தான் கொள்கை ஆகும் என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

7

நாம் வெளியே பார்ப்பதே இல்லையா என்றால், பார்க்கிறோம். எதைத் தேடுகிறோம் என்பதுதான் சிக்கல். கொரிய மொழியில் அம்மா, அப்பா இருக்கிறது. கேமரூனில் தமிழ்ச் சொல் இருக்கிறது. தாய்லாந்தில் திருவெம்பாவை பாடினார்கள். கடாரம் நம்மிடம் 'கொண்ட' ஊராகத்தான் இருக்கிறது. அங்கே 1025க்கு முன்னும் பின்னும் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று நமக்குக் கவலையில்லை. வேற்று நாடு என்பது நமக்கு நம் முகம் தெரிகிற கண்ணாடி. தனிநாயகம் அடிகள் போன்ற பெரியவர், பல ஐரோப்பிய மொழிகள் கற்று, 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டியவர். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது மாநாட்டை. அந்த மொழிகளைக் கற்ற பொறுமையை அப்படியே விட்டுவிட்டோம்.

நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. டெல்லியில் 1955இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வுப் பள்ளி பிறகு ஜே.என்.யூவோடு சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் இருக்கிறது. திருப்பதியில் ஒன்று இருக்கிறது. ஆனால் இவை தலைநகரின் கண்ணால் பார்ப்பவை. 'இந்தியாவின் நலன்' என்று தொடங்கும் கட்டுரைகள். சேலம் கருப்பூரில் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்லூரிகள் வருகின்றன. அங்கே சுவாஹிலித் துறை இல்லை, சிங்களத் துறை இல்லை.

இந்தச் சமவெளிக்கு வெளியுறவு இல்லையா? நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரிடம் கேளுங்கள். 2024 கடைசியில் கத்தார் 60 கிராமுக்குக் குறைந்த முட்டையை எடுக்க மாட்டோம் என்றது. ஓமன் புதிய இறக்குமதி அனுமதியை நிறுத்தியது. இங்கே பண்ணையில் விலை ஆடியது, நாடாளுமன்றத்தில் பேச்சு வந்தது. தோஹாவில் ஒரு மேசையில் எடுக்கும் முடிவு மோகனூர் ரோட்டில் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஆனால் அந்த மேசையில் இருப்பவர் எந்த மொழியில் யோசிக்கிறார், அவர் சின்ன வயதில் என்ன கதை கேட்டார் என்பது நமக்குத் தேவையில்லாத விஷயம். லாரிக்கும் முட்டைக்கும் போர் வண்டிக்கும் எல்லை கிடையாது. படிப்புக்கு மட்டும் டோல்கேட்.

"வேலை கெடைக்குமா?" என்பார்கள். முட்டைக்கும் ரிக்குக்கும் கிடைக்கிற வேலை, பாஷை தெரிந்தவனுக்குக் கிடைக்காதா? இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. முட்டை விற்க அரபு படிப்பதும், ரஷ்யாவைப் பயந்து இந்தி படித்ததும் ஒன்றுதானே? பாராமஹாலில் வரி வாங்கக் கணக்கெடுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நேர்மையாகச் சொன்னால், தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தப் பல்கலைக்கழகமும் சும்மா காசு கொடுக்காது. தொடக்கம் சுயநலமாக இருந்துவிட்டுப் போகட்டும். போகிறவர் எவ்வளவு நாள் தங்குகிறார், எதைப் படிக்கிறார் என்பதை நம்மால் தீர்மானிக்க முடியும்.

அப்படி ஒரு படிப்பு கருப்பூரில் தொடங்கினால் அதற்கு நான் கேட்பது மூன்றுதான். முதல் இரண்டு வருஷம் மொழி, வேறெதுவும் வேண்டாம். அந்த மொழியின் நாவலையும் கவிதையையும், தகவலுக்காக இல்லாமல், கதையாகவும் கவிதையாகவும் படிக்க வேண்டும். பிறகு அங்கே போய் ஒரு வருஷம் சும்மா இருக்க வேண்டும். ஆய்வேட்டைத் தமிழில் எழுத வேண்டும், அந்த ஊர் மொழியிலும் ஒரு சுருக்கம் எழுதி அங்கே யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும். அங்கே ஓர் அம்மாயி "எதுக்கு எழுதினே?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரிந்தால் பட்டம். நம்முடைய 10 கோடியில் ஒரு கோடி போதும் இதற்கு.

இது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டம். அதன் பழைய பெயர் தகடூர். அங்கிருந்து அதியமான் தொண்டைமானிடம் தூது அனுப்பியது ஒரு தளபதியை இல்லை, ஔவையை. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். பளபளக்கும் ஆயுதங்கள். அவள் அதைப் பார்த்தாள், புகழ்வது போலவே பேசினாள். இவை புத்தம் புதிதாய் இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பதுதான் அவள் சொன்னதன் சாரம். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. இன்னொரு நாட்டைப் படித்தவள் அவள். எதைக் காட்டுகிறார்களோ அதைப் பார்த்து, எது பழகப்படவில்லையோ அதைச் சொன்னாள். கவிஞர் என்பதால்தான் அது அவளுக்குக் கண்ணில் பட்டது.

அண்ணனின் நோட்டை நான் அப்படியே படம் எடுத்து வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கங்களில் வார்த்தைகள் மாறுகின்றன. கல்லும் தண்ணியும் முடிந்து, கல்யாணம், காய்ச்சல், அம்மா, சாவு என்று போகிறது. கடைசி வரிக்கு எதிரே அர்த்தம் எழுதாமல் விட்டிருக்கிறார்.

"இது என்னங்ணா?"

"தெரியலடா. நான் கிளம்பறன்னைக்கு அங்க ஒரு கெழவி சொல்லுச்சு. எழுதிக்கிட்டேன். ஆரையாச்சும் கேக்கோணும்."

கேட்க இங்கே ஆள் இல்லை.